சுவை விருப்ப மதிப்பீடும் வயதும்

சுவை விருப்ப மதிப்பீடு என்பது ஓர் உணவோ பானமோ தமக்கு எந்த அளவுக்குப் பிடித்திருக்கிறது என்பதை உண்பவரே தெரிவிக்கும் முறையாகும். எண், சொல், முகப்படம், "இதுவா, அதுவா" என்ற தேர்வு ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு வடிவில் விடை பெறப்படும். பிஸ்கட், குளிர்பானம், குழந்தைகளுக்கான இருமல் மருந்து, மருத்துவமனை உணவு என எதை உருவாக்கினாலும் இத்தகைய மதிப்பீடு இன்று கேட்கப்படுகிறது. ஆனால் 5 வயதுக் குழந்தை, 30 வயது இளைஞர், 75 வயது மூதாட்டி ஆகிய மூவரும் ஒரே உணவுக்கு 7 மதிப்பெண் கொடுத்தால் அந்த மூன்று ஏழும் ஒன்றுதானா? நாளை மீண்டும் கேட்டால் அதே ஏழு வருமா? இக்கேள்விகளுக்கு ஆய்வாளர்கள் கண்ட விடைகளே இக்கட்டுரையின் பொருள்.

தேயிலை, காப்பி, ஒயின் ஆகியவற்றைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் தொழில்முறைச் சுவைஞர்கள் இதில் சேரமாட்டார்கள். அவர்கள் தமக்குப் பிடித்ததைச் சொல்வதில்லை. பயிற்சியால் பெற்ற அளவுகோலைக் கொண்டு பொருளின் தன்மையைச் சொல்கிறார்கள். இங்கே பேசப்படுவது பயிற்சி ஏதுமற்ற சாதாரண நுகர்வோரின் "பிடிக்கும், பிடிக்காது" பற்றியே.

நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும்

கல்வியியல் படித்தவர்களுக்கு இவ்விரு சொற்களும் பழகியவை. ஒரே விடைத்தாளை ஒரே ஆசிரியர் ஒரு மாத இடைவெளியில் இருமுறை திருத்தி முதலில் 62, பிறகு 48 என்று போட்டால் அந்த மதிப்பீட்டுக்கு நம்பகத்தன்மை இல்லை. இரண்டு முறையும் 62 போட்டாலும், மாணவனின் கையெழுத்தழகுக்காகத்தான் போட்டார் என்றால் நம்பகத்தன்மை உண்டு, ஏற்புடைமை இல்லை. அதாவது திரும்பத் திரும்ப ஒரே விடை கிடைப்பது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததையே அளப்பது ஏற்புடைமை.

சுவை மதிப்பீட்டில் இவ்விரண்டும் எளிதில் குழம்பும். இரண்டு கோப்பைகளில் எப்போதும் வலப்பக்கக் கோப்பையையே சுட்டும் குழந்தை, கோப்பைகளை இடம் மாற்றாத வரை மிகவும் நம்பகமான குழந்தையாகத் தோன்றும். அது காட்டியது கை போன பக்கத்தை, நாக்கின் விருப்பத்தை அல்ல.

ஒன்பது புள்ளி அளவுகோல்

உலகெங்கும் உணவு ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் விருப்ப அளவுகோல் அமெரிக்கப் படைவீரர்களுக்காகப் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வீரர்களுக்குத் தரும் உணவில் எது உண்ணப்படுகிறது, எது வீணாகிறது என்பதை முன்கூட்டியே அறிய அந்நாட்டு இராணுவம் விரும்பியது. சிகாகோவில் இருந்த இராணுவ உணவு ஆய்வு நிறுவனத்தில் டேவிட் பெரியம் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒன்பது படிகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினர். "மிக மிகப் பிடிக்கிறது" என்பது ஒரு முனை. "மிக மிகப் பிடிக்கவில்லை" என்பது மறுமுனை. நடுவில் "பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை" என்ற படி. எந்தச் சொல் வீரர்களின் மனத்தில் எவ்வளவு கனம் பெறுகிறது என்று ஆராய்ந்த குழுவில் மனப்பான்மை அளவுகோலால் நம் கல்வியியல் பாடநூல்களில் இடம்பெற்ற எல். எல். தர்ஸ்டனும் இருந்தார். அக்கட்டுரை 1955இல் வெளிவந்தது. பெரியமும் பிரான்சிஸ் பில்கிரிமும் எழுதிய, இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை 1957இல் வந்தது.

இந்த அளவுகோல் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை மறக்கலாகாது. எழுதப் படிக்கத் தெரிந்த, நல்ல புலன்கள் கொண்ட, ஆங்கிலம் பேசும் இளம் ஆண்களை வைத்துச் சோதிக்கப்பட்ட கருவி அது. அதையே பிற்காலத்தில் நான்கு வயதுக் குழந்தையிடமும் எண்பது வயதுப் பெரியவரிடமும் கொண்டுபோய் நீட்டினார்கள். விடை தடுமாறியபோது, "இந்த வயதினரின் சுவை மதிப்பீடு நம்பத்தக்கதல்ல" என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. நாக்கைக் குறை சொல்வதற்கு முன் கேள்வியைச் சோதித்திருக்க வேண்டும். பின்னர் வந்த ஆய்வுகள் அதைத்தான் செய்தன.

சிறு குழந்தைகள்

சிறு குழந்தைக்குத் தன் விருப்பம் தெரியாது என்பது பெரியவர்களின் எண்ணம். அமெரிக்க உளவியலாளர் லியேன் பர்ச் 1970களின் இறுதியில் முன்பள்ளிக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் அதற்கு மாறான முடிவைத் தந்தன. குழந்தைகள் சுவைத்து வரிசைப்படுத்திய உணவுகளின் ஒழுங்கும், பிறகு அவர்கள் உண்மையில் உண்ட அளவும் நன்றாக ஒத்துப்போயின. மூன்று நான்கு வயதில் குழந்தையால் விளக்கிச் சொல்ல முடியாமல் இருக்கலாம். ஆனால் காட்ட முடியும்.

ஆகவே எதைக் கேட்கிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நெதர்லாந்தில் லீம், மார்ஸ், டி கிராஃப் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. சர்க்கரை அளவில் மட்டும் வேறுபட்ட ஆரஞ்சுச் சுவைப் பானங்களை 4 வயதினரிடமும் 5 வயதினரிடமும் கொடுத்து, இரண்டிரண்டாக ஒப்பிடவும் வரிசைப்படுத்தவும் சொன்னார்கள். 5 வயதினரில் பெரும்பாலோர் எது அதிக இனிப்பு, எது அதிகம் பிடிக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் சீரான விடை தந்தனர். 4 வயதினர் எது பிடிக்கிறது என்பதில் வேறுபாடு காட்டினர். எது அதிக இனிப்பு என்ற கேள்வியில் தடுமாறினர். ஒரே ஓராண்டு இடைவெளியில் இவ்வளவு வேறுபாடு! "பிடிக்கிறதா" என்பது உடனே எழும் உணர்வு. "அதிக இனிப்பா" என்பதற்கு முதல் கோப்பையின் சுவையை நினைவில் நிறுத்தி, பிடித்தமென்பதை ஒதுக்கிவிட்டு, ஒரு பண்பை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட வேண்டும். நாக்கு தயார், அந்தக் கணக்கு இன்னும் கைவரவில்லை.

குழந்தைகளிடம் கேட்கும்போது வரும் வேறு சில சாய்வுகளையும் சொல்ல வேண்டும். "இது நல்லா இருக்கா?" என்று கேட்டால் மிகச் சிறிய குழந்தைகள் "ஆமாம்" என்றே சொல்லும் போக்கு உண்டு. "இதுவா, அதுவா" என்றால் கடைசியாகச் சொன்னதைத் திருப்பிச் சொல்வார்கள். சிரித்த முகம் முதல் சுளித்த முகம் வரையிலான படங்களைக் கொண்ட அளவுகோலும் நாம் நினைப்பது போல் எளிதன்று. சுளித்த முகத்தைப் பார்த்து, "இவருக்குக் கோபம்" என்று நினைக்கும் குழந்தை உண்டு. சுவை எதுவானாலும் சிரிக்கும் முகமே அழகு என்று அதையே தொடும் குழந்தையும் உண்டு. பெரியமுடன் பணியாற்றிய பியாட்ரிஸ் குரோல் 1990இல் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளுக்கு முகப்படங்களைவிட, அவர்கள் பேச்சிலேயே அமைந்த "சூப்பரா இருக்கு", "ரொம்ப மோசம்" போன்ற சொற்களின் அளவுகோல் நன்றாக வேலை செய்தது. குழந்தைக்குப் படம்தான் புரியும் என்ற பொதுக் கருத்து இங்கே சற்று ஆட்டம் காண்கிறது.

பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. 1980இல் பர்ச் வெளியிட்ட ஆய்வில், ஒரு காய்கறியை விரும்பும் குழந்தையை, வேறொரு காய்கறியை விரும்பும் மூன்று நான்கு குழந்தைகளோடு மதிய உணவுக்கு உட்கார வைத்தார். முதல் நாள் தன் விருப்பப்படி எடுத்த குழந்தை, நான்காம் நாளுக்குள் மற்றவர்கள் எடுப்பதையே எடுக்கத் தொடங்கியது. வயது குறைந்த குழந்தைகளிடம் இந்த மாற்றம் மிகுதி. ஆகவே வகுப்பில் கைதூக்கச் சொல்லி எடுக்கும் கணக்கெடுப்புக்குச் சுவை ஆய்வில் மதிப்பில்லை. முதலில் கை தூக்கிய இருவரின் விருப்பமே அதில் பதிவாகும்.

உறையும் பேசும். 2007இல் அமெரிக்காவில் ராபின்சன் குழுவினர் 3 முதல் 5 வயது வரையுள்ள 63 குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மெக்டொனால்ட்ஸ் பெயர் பொறித்த உறையிலும் மற்றொன்றைப் பெயரற்ற உறையிலும் கொடுத்தனர். அந்த நிறுவனம் தயாரிக்காத காரட், பால் ஆகியவற்றில்கூடப் பெயருள்ள உறையில் இருந்ததே சுவையானது என்றவர்கள் அதிகம்.

எல்லா வயதினருக்கும் ஒரே முறை

பல வயதினரை ஒப்பிட வேண்டுமானால் எல்லோராலும் செய்யக்கூடிய ஒரே பணி வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள மொனெல் வேதிப்புலன் மையம் இதற்கென ஒரு முறையை வகுத்தது. 3, 6, 12, 24, 36 விழுக்காடு எனச் சர்க்கரை கலந்த ஐந்து நீர்க்கரைசல்கள் அதில் உள்ளன. முதலில் 6, 24 ஆகிய இரண்டையும் சுவைக்கத் தருகிறார்கள். எது பிடித்தது என்று விரலால் சுட்டினால் போதும். சுட்டியதை அதற்கு அடுத்த அளவோடு இணைத்து மீண்டும் தருகிறார்கள். கீழ் அளவு, மேல் அளவு இரண்டோடும் போட்டியிட்டு ஒரே கரைசல் தொடர்ந்து வெல்லும்போது, அல்லது ஒரு முனையிலுள்ள கரைசலே அடுத்தடுத்து இருமுறை தேர்வாகும்போது சோதனை நிற்கும். சிறிது ஓய்வுக்குப் பிறகு, தரும் வரிசையைத் தலைகீழாக்கி முழுச் சோதனையும் மறுபடி நடக்கும். முதற்சுற்றில் நீர்த்த கரைசலை முதலில் தந்திருந்தால் இரண்டாம் சுற்றில் செறிந்ததை முதலில் தருவார்கள். இரண்டு சுற்றின் விடைகளிலிருந்து சராசரி கணக்கிடப்படும்.

எளிமையே இம்முறையின் அழகு. எண் தெரிய வேண்டாம், சொல் தெரிய வேண்டாம், ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் நினைவில் வைக்க வேண்டாம். மறுசோதனை உள்ளேயே இருப்பதால் ஒவ்வொருவரின் நம்பகத்தன்மையும் அதிலேயே தெரிந்துவிடும். ஜூலி மென்னெல்லாவும் சகாக்களும் 5 வயதுக் குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை பல நூறு பேரிடம் இதைச் செய்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களைவிடச் செறிந்த இனிப்பை விரும்பினர் என்று அதில் தெரிந்தது. குழந்தைகள் கண்மூடித்தனமாகச் சுட்டியிருந்தால் இப்படி ஒரு திசையில் சாயும் முடிவு வந்திருக்காது.

வளர்ந்தவர்களின் தடுமாற்றம்

குழந்தையும் முதியவரும்தான் தடுமாறுவார்கள், நடுவயதினர் திடமானவர்கள் என்று எண்ணுவோருக்கு 2010இல் சுவீடனிலிருந்து ஒரு வியப்பு வந்தது. லார்ஸ் ஹால், பெட்டர் யோஹான்சன் முதலிய ஆய்வாளர்கள் ஒரு பல்பொருள் அங்காடியில் 180 வாடிக்கையாளர்களிடம் இரண்டு வகை ஜாமைச் சுவைக்கவும் இரண்டு வகைத் தேயிலையை முகரவும் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் எது பிடித்தது என்று கேட்டார்கள். பிறகு, "தேர்ந்தெடுத்ததை இன்னொரு முறை சுவைத்துப் பார்த்து, ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள்" என்றார்கள். இருபுறமும் மூடியுள்ள தந்திரப் புட்டியைச் சத்தமில்லாமல் கவிழ்த்துவைத்து, அவர்கள் தேர்ந்தெடுக்காத மற்றதைத்தான் தந்தார்கள். மாற்றி வைத்த முறைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. மற்றவர்கள் தாம் வேண்டாம் என்று ஒதுக்கியதையே, ஏன் மிகவும் பிடித்தது என்று விளக்கினார்கள்.

விளக்கம் கேட்பதே விடையைக் கெடுக்கும் என்பதற்கும் சான்று உண்டு. திமோத்தி வில்சனும் ஜொனாதன் ஸ்கூலரும் 1991இல் கல்லூரி மாணவர்களுக்கு ஐந்து ஸ்ட்ராபெரி ஜாம்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். சும்மா சுவைத்து மதிப்பெண் போட்டவர்களின் வரிசை, தேர்ந்த சுவைஞர்களின் தரவரிசையோடு ஓரளவு ஒத்திருந்தது. உடன்தொடர்பு எண் 0.55. "ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை" என்று முதலில் எழுதிவிட்டு மதிப்பெண் போட்டவர்களிடம் அது 0.11 ஆகச் சரிந்தது. படித்த இளைஞர்களுக்குச் சொல்லத் தெரிந்த காரணங்களே தடையாகிவிட்டன. காரணம் கேட்கப்படாத ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த ஆபத்து குறைவு என்பது என் கருத்து.

நம்பகமான விடையும் தவறான கேள்விக்கு விடையாகலாம் என்பதற்குக் கோகோ கோலாவின் 1985ஆம் ஆண்டு அனுபவம் பாடப்புத்தக உதாரணம். ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் பெயர் மறைத்துச் சுவைச் சோதனை செய்து, இனிப்புக் கூடிய புதிய கலவையே பலருக்குப் பிடிக்கிறது என்று கண்டு, ஏப்ரல் 23 அன்று அதை அறிமுகம் செய்தார்கள். எதிர்ப்புத் தாங்காமல் 79 நாளில் பழைய கலவையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு மிடறு குடித்துச் சொன்ன விடையில் பொய் இல்லை. ஆனால் ஒரு மிடறுக்கு இனிப்பானது ஒரு புட்டிக்குத் திகட்டும். பழகிய பொருள் பறிபோகும்போது எழும் கோபம் சின்னக் கோப்பையில் அகப்படாது.

முதியோர்

வயதேறும்போது சுவை குறைகிறது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு உண்மையில் மணத்தின் குறைவே. உணவின் சுவை என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது வாயின் பின்புறமாக மூக்குக்குச் செல்லும் மணத்தால் ஆனது. சளி பிடித்த நாளில் ரசம் சப்பென்று இருப்பது அதனால்தான். இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு ஆகியவற்றை நாக்கு முதுமையிலும் ஓரளவு காத்துக்கொள்கிறது. மூக்கு அப்படியல்ல. 1984இல் ரிச்சர்டு டோட்டி குழுவினர் 5 முதல் 99 வயது வரையிலான 1955 பேரைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், 65 முதல் 80 வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கும், 80 வயதைக் கடந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேலும் மணமறியும் திறன் பெரிதும் குறைந்திருந்தது.

நம்பகத்தன்மைக் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பீவர் டேம் என்ற ஊரில் 53 முதல் 97 வயது வரையிலான 2491 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2002இல் வந்தன. சோதித்துப் பார்த்ததில் 24.5 விழுக்காட்டினருக்கு மணவுணர்வுக் குறை இருந்தது. "உங்களுக்கு அப்படிக் குறை உண்டா?" என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் 9.5 விழுக்காடு மட்டுமே. 80 வயதுக்கு மேற்பட்டவர்களில் 62.5 விழுக்காட்டினருக்குக் குறை இருந்தது. அவ்வயதில் குறையுள்ள பெண்களில் 12 விழுக்காட்டினரும் ஆண்களில் 18 விழுக்காட்டினரும் மட்டுமே அதை அறிந்து சொன்னார்கள். கண் மங்கினால் எழுத்து தெரியாமல் போவது உடனே புரிகிறது. காது மங்கினால் சுற்றியிருப்பவர்கள் சொல்லிக்காட்டுவார்கள். மூக்கு மங்குவது பல ஆண்டுகளில் மெல்ல நடப்பதால், மங்கிய மூக்குக்கு உலகமே மணம் குறைந்ததாகத் தோன்றுகிறது. "அந்தக் காலத்துக் கொத்தமல்லி வாசம் இப்ப எங்கே இருக்கு" என்ற பேச்சில் கொத்தமல்லியின் குற்றம் எவ்வளவு, மூக்கின் குற்றம் எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

இதை வீட்டுப் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை மூக்கு உணர வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். தனியே வாழும் முதியவர், "எனக்கு வாசனையெல்லாம் நன்றாகத் தெரியும்" என்று உறுதியாகச் சொல்வதை நம்பி இருந்துவிட முடியாது. ஊசிப்போன குழம்புக்கும் இது பொருந்தும்.

ஆனால் தம் புலன் எப்படி இருக்கிறது என்பதை மதிப்பிடுவதும், இந்த உணவு எனக்குப் பிடிக்கிறதா என்பதை மதிப்பிடுவதும் வேறு வேறு. முன்னதில் முதியோர் பெரிதும் தவறுகிறார்கள். பின்னதில் அப்படிச் சொல்ல முடியாது. நெதர்லாந்தில் மோயெட் குழுவினர் இளைஞர்களையும் முதியோரையும் ஒப்பிட்டு 2005இல் வெளியிட்ட ஆய்வில், சுவையுணர்வின் கூர்மைக்கும் சுவையின் இன்பத்துக்கும் நேரான தொடர்பு தென்படவில்லை. பாட்டிக்குக் காப்பி மணம் பாதிதான் எட்டுகிறது என்பதால் காப்பி பாதிதான் பிடிக்கும் என்று பொருளில்லை. அறுபது ஆண்டுப் பழக்கமும் சூடும் கெட்டித்தன்மையும் மீதியை நிரப்பிவிடுகின்றன. இதனால்தான் முதியோருக்கு மணம் கூட்டிய உணவைத் தந்தால் அதிகம் உண்பார்கள் என்ற எதிர்பார்ப்பு சில இடங்களில் பலித்தது, சில இடங்களில் பலிக்கவில்லை. நெதர்லாந்து முதியோர் இல்லம் ஒன்றில் 16 வாரம் மணம் கூட்டிய உணவு தந்தபோது உணவளவும் எடையும் கூடியதாக 2001இல் ஓர் ஆய்வு வந்தது. 2007இல் அந்நாட்டிலேயே நடந்த மற்றோர் ஆய்வு அப்பலனைக் காணவில்லை.

முதியோரிடம் மதிப்பீடு கேட்கும்போது பல் செட்டு, வாய் வறட்சி, மருந்துகள் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேல் அண்ணத்தை மூடும் பல் செட்டு உணவின் தொடுவுணர்வை மாற்றும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் உலோகச் சுவை தரும். இரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில் சுவையைத் திரிக்கக்கூடும். மருந்து மாறிய வாரத்தில் மதிப்பெண் மாறினால் அது தடுமாற்றம் அல்ல. நாக்கு உள்ளதை உள்ளபடி சொல்கிறது.

விடை மாறுவதெல்லாம் பிழையன்று

மறுசோதனையில் விடை மாறினால் உடனே நம்பகத்தன்மை இல்லை என்று எழுதிவிடக் கூடாது. விருப்பமே மாறியிருக்கலாம். பர்ச்சும் மார்லினும் 1982இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வயதுக் குழந்தைகள் ஒரு புதிய உணவை எத்தனை முறை அதிகம் சுவைத்தார்களோ அந்த அளவுக்கு அதை விரும்பத் தொடங்கினார்கள். ஐந்தாம் நாள் "வேண்டாம்" என்றதும் பதினைந்தாம் நாள் "வேணும்" என்றதும் இரண்டுமே உண்மை. டெசர், போஷாம் ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வோ, வளரிளம் பருவத்தில் சோதிக்கப்பட்டவர்களைச் சுமார் பத்தாண்டு கழித்து மறுபடி அழைத்து, அவர்கள் விரும்பும் இனிப்பு அளவு குறைந்திருப்பதைக் கண்டது.

நிமிடக் கணக்கிலும் விருப்பம் மாறும். ஒரே உணவை வயிறார உண்டபின் அதன் மேலுள்ள விருப்பம் மட்டும் குறையும். உண்ணாத மற்ற உணவுகளின் மேல் அவ்வளவு குறையாது. விருந்தில் சோறு போதும் என்றவர் பாயசத்துக்கு இடம் வைத்திருப்பது இதனால். பார்பரா ரோல்ஸும் மக்டெர்மாட்டும் 1991இல் காட்டியபடி, இந்தத் திகட்டல் வளரிளம் பருவத்தினரிடம் மிக வலுவாகவும் முதியோரிடம் மிக மெலிதாகவும் இருக்கிறது. இதன் விளைவு வேடிக்கையானது. ஒரே தயிரை அரைமணி இடைவெளியில் இருமுறை மதிப்பிடச் சொன்னால் முதியவரின் எண் அசையாமல் நிற்கலாம், பதினைந்து வயதுப் பையனின் எண் சரிந்துவிடலாம். தாளை மட்டும் பார்ப்பவர் முதியவரே நம்பகமானவர் என்பார். ஆனால் ஒரே உணவையே சலிக்காமல் உண்டுவரும் முதியவருக்கு ஊட்டச்சத்துக் குறையும் அபாயத்தை அந்த அசையாத எண்தான் சுட்டுகிறது.

தமிழில் கேட்கும்போது

ஒன்பது படிகளை அப்படியே தமிழாக்கி அச்சிட்டால் "மிதமாகப் பிடிக்கிறது", "சற்றே பிடிக்கிறது" என்ற சொற்கள் வரும். எந்த வீட்டில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? நம் பேச்சில் இருப்பவை "அருமை", "நல்லா இருக்கு", "பரவாயில்லை", "ஏதோ சாப்பிடலாம்", "வாயில் வைக்க முடியலை" என்பவை. இவற்றுள் "பரவாயில்லை" மிகவும் வழுக்கும் சொல். எதிர்பார்த்ததைவிட நன்று என்றும் பொருள் தரும், வேறு வழியில்லை என்றும் பொருள் தரும். சமைத்தவர் எதிரே நின்றால் "நல்லாத்தான் இருக்கு" என்பதுதான் விடை. அந்தத் "தான்" எவ்வளவு இறக்குகிறது என்பதை எந்த அளவுகோலும் பதிவு செய்வதில்லை. சமைத்தவரும் கேட்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது பெரியவர்களுக்கு, அதிலும் மரியாதை பார்க்கும் மூத்தோருக்கு, மிகவும் தேவையான விதி.

சத்துணவிலும் இக்கேள்வி உண்டு. பரிமாறுமுன் ஆசிரியர் உள்ளிட்ட பெரியவர்கள் உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது மதிய உணவுத் திட்ட விதி. பாதுகாப்புக்கு அது அவசியம். ஆனால் ஐம்பது வயது நாக்குக்குச் சரியான உப்பும் காரமும் ஆறு வயது நாக்குக்கும் சரி என்று அதிலிருந்து தெரியவராது. அதை அறிய, தட்டில் மிஞ்சியதை எடை போடுவதே நேரான வழி. ஊட்டச்சத்து ஆய்வுகளில் இது நன்கு நிலைபெற்ற முறை. குழந்தையிடம் கேள்வியே கேட்க வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு.

பள்ளியில் செய்து பார்க்க

செயல்திட்டமாக இதைச் செய்ய விரும்பும் மாணவர்களுக்கு எலுமிச்சைச் சாறு போதும். இரண்டு ஜாடிகளில் ஒரே அளவு நீரும் சாறும் எடுத்து, ஒன்றில் சர்க்கரையைக் கூடுதலாகக் கலக்கவும். கோப்பைகளில் அ, ஆ என்றோ 1, 2 என்றோ எழுத வேண்டாம். முதலெழுத்தும் முதல் எண்ணும் உயர்ந்தவை என்ற எண்ணம் பள்ளியிலேயே படிந்துவிட்டது. 417, 862 போன்ற மூன்றிலக்க எண்களை எழுதுவதே ஆய்வக வழக்கம். ஒவ்வொருவராகத் தனியே அழைத்து, இரண்டுக்கும் நடுவே வாயைக் கொப்பளிக்கச் செய்து, எது பிடிக்கிறது என்று சுட்டச் சொல்லவும். பாதிப் பேருக்கு இனிப்புக் கூடியதை முதலில் தர வேண்டும். மறுநாள் அதே நேரத்தில், எண்களையும் தரும் வரிசையையும் மாற்றி மீண்டும் செய்யவும்.

30 பேர் கலந்துகொண்டால், நாணயம் சுண்டுவது போல் தேர்ந்தெடுத்தால்கூடச் சுமார் 15 பேரின் இரண்டு நாள் விடை ஒன்றாக இருக்கும். ஆகவே "பாதிப் பேர் மாறவில்லை" என்பது பெருமையன்று. 20 பேரோ அதற்கு மேலோ ஒரே விடை தந்தால், அது தற்செயலாக நிகழும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குச் சற்றே குறைவு. அதன்பிறகே ஏதோ உண்மை இருக்கிறது என்று எழுதலாம். 15-ஐவிட மிகவும் குறைந்தாலும் கவனிக்க வேண்டும். 8 பேர் மட்டுமே ஒரே விடை தந்தால், பலர் சுவையைப் பார்க்காமல் முதலில் தந்ததையே இரண்டு நாளும் சுட்டியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். மூன்று சாறுகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இருக்கக்கூடிய வரிசைகள் 6; ஆகவே தற்செயலாக அதே வரிசை திரும்ப வரும் வாய்ப்பு ஆறில் ஒன்றுதான். ஐந்து சாறுகளானால் வரிசைகள் 120. கணக்குக்கு அது வலிமை. ஆனால் ஐந்தாவது கோப்பைக்கு வரும்போது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு முதல் கோப்பை மறந்திருக்கும், தாத்தாவுக்கும் அப்படியே. ஒன்றாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, வீட்டிலுள்ள தாத்தா பாட்டிகள் என மூன்று குழுக்களிலும் இரண்டு கோப்பைச் சோதனையை மட்டும் நடத்தி, மாறாத விடைகளின் எண்ணிக்கையை அருகருகே எழுதிப் பார்க்கலாம்.